விசில் கேட்காத கார்

என் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த சைலன்சர் விஷயத்தில் காரணமும் பெரிதாகவே இருந்தது.

கார் வாங்கியதே என் அம்மாவுக்காக. அம்மாவுக்கு இழுப்பு நோய். மூச்சு முட்டினால் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வழியில் நானுஓயா ஏற்றம். டர்போ வைத்த டீசல் கார் அது, எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அலட்டாமல் ஏறும். நன்றாக ஓடுவதைக் கெடுப்பதற்கென்றே என் வீட்டுக்காரருக்கு ஒரு கூட்டாளி உண்டு, ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ். இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, கை நுழைகிற அளவுக்குப் பெரிய குழாய் ஒன்றை மாட்டினார்கள்.

"பொகை தாராளமா வெளிய போனா டர்போ இன்னும் வேகமா சுத்தும். வண்டி பறக்கும் பாரு" என்றார் அவர்.

பறக்கவில்லை, கத்தியது. காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நின்ற தொழிலாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அதில் ஒரே பெருமை.

சில நாட்களிலேயே அம்மாவுக்கு மூச்சு முட்டியது. நானுஓயா ஏற்றத்தில் அவர் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். சத்தம் ஊரைக் கூட்டியது, கார் ஊர்ந்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று எங்களை முந்திப் போனது. பின் சீட்டில் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். நகமெல்லாம் நீலம். எப்படியோ போய்ச் சேர்ந்தோம். இன்னொரு தடவை இவ்வளவு தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

அம்மாவை வார்டில் சேர்த்துவிட்டு மறுநாளே கராஜில் போய் நின்றேன். அவரும் பின்னால் வந்தார்.

"டர்போ போயிருக்கும் டீச்சர். புதுசுதான் போடணும்" என்றார் பாஸ்.

"நீங்க கை வைக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு. மொதல்ல நீங்க மாட்டுனதக் கழட்டுங்க."

"அவரு தொழில் தெரிஞ்சவரு" என்று என் வீட்டுக்காரர் இடையில் புகுந்தார்.

"தெரிஞ்ச லட்சணத்தத்தான் ஏத்தத்துல பாத்தோமே."

பாஸ் முணுமுணுத்துக்கொண்டே பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டினார். மூவரும் ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். சத்தம் அடங்கிவிட்டது, இழுவை மட்டும் வரவில்லை. கோளாறு குழாயில் இல்லை என்று பாஸுக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த அமைதியில்தான் ஒன்று உறைத்தது. முன்பெல்லாம் ஏற்றத்தில் மிதித்தால், கேத்தலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவது போல முன்பக்கமிருந்து மெல்லிய விசில் ஒன்று வரும். அது டர்போ சுற்றும் சத்தம். இப்போது அது இல்லை. இத்தனை நாளும் அந்தப் பெருங்குழாயின் இரைச்சலில் அது நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை.

"டர்போ ஒடையல, அது சுத்தவே இல்ல. அத சுத்த வைக்கிறது எது?" என்று கேட்டேன்.

பாஸ் பொனட்டைத் திறந்து மெல்லிய இரப்பர் குழாய் ஒன்றைக் காட்டினார். எஞ்சின் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சினால்தான் டர்போவின் நெம்புகோல் அசைந்து டர்போ சுற்றுமாம். அந்தக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். எஞ்சினுக்குப் பின்னால், இருட்டான இடத்தில், சிவப்புக் கயிறு தட்டுப்பட்டது. சுற்றிச் சுற்றி இறுக்கியதில் குழாய் நசுங்கித் தட்டையாகியிருந்தது.

பாஸ் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெருங்குழாயை மாட்டிய கையோடு இறம்பொடை அனுமார் கோயிலில் காருக்குப் பூசை போட்டு வாங்கிவந்த கயிறாம். ஸ்டியரிங்கில் கட்டினால் நான் கத்துவேன் என்று எஞ்சினுக்குள் ஒளித்துக் கட்டியிருக்கிறார்.

"ஊருக் கண்ணு பட்டுறக் கூடாதுன்னு கட்டுனீங்களாக்கும்?"

"இல்ல. அத்தைய ஏத்திக்கிட்டுப் போறப்ப வழியில நின்னுறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுக் கட்டுனேன்."

திட்ட வந்த இடத்தில் திட்ட முடியாமல் போனால் கோபம் இரண்டு மடங்காகிறது. பாஸின் கத்தியை வாங்கி முடிச்சை அறுத்தேன். மிஞ்சிய கயிற்றை இவர் மணிக்கட்டில் சுற்றி, குழாயில் இருந்த அதே இறுக்கத்தில் கட்டினேன்.

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும். அம்மா வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவுக்கக் கூடாது."

அம்மாவைக் கூட்டிவரப் போனபோது நானுஓயா ஏற்றத்தில் விசில் கேட்டது. ஓட்டியது நான். இவர் பக்கத்தில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.