யென்ஸுக்கு நாலுக்குக் கீழே

ஒரு ஊரிலே ஒன்பது ராசாக்கள் இருந்தார்களாம். ஒருவரும் பிழையே விடமாட்டார்களாம். அந்த விடாத பிழைகளை எழுதிவைக்க ஒருவனை ஓரத்து மரவாங்கிலே இருத்தினார்களாம். பேஸ்போலுக்கு ஸ்கோர் எழுதும் வேலை இவ்வளவுதான். எண்பத்தைந்தாம் ஆண்டுக் கோடையில் டென்மார்க்கின் ஹேர்னிங்கில் அந்த வாங்கில் இருந்தவன் நான். ஸ்கோர்ப் புத்தகம் பிடித்து ஏச்சு வாங்கிய சகோதரங்களுக்கு மிச்சம் சொல்லாமலே விளங்கும்.

வேலை கிடைத்த விதம்

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதினேன் என்று டேனிஷ் வகுப்பில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வாத்தியார் ஹென்றிக்தான் பேஸ்போல் கழகத்தையும் நடத்தினார். அந்தச் சனிக்கிழமையே புத்தகம் என் மடியில். "சேர், அது வேறு விளையாட்டு" என்றேன். அவர் தோளைக் குலுக்கினார்.

"கவலைப்படாதே, இரண்டுமே இந்த ஊரில் ஒருவருக்கும் விளங்காது."

ஒரு மனிதன், ஒரு எண்

எங்கள் பந்தெறிகாரர் யென்ஸ். தையல் தொழிற்சாலையில் வேலை. பதினொரு கோடையாக எறிகிறார். புதிதாக ஒரு வேகக்காரன் வந்து சேர, இனி யார் எறிவது என்ற கேள்வி வந்தது. யென்ஸ் ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுத்திருக்கிறார் என்று பார்ப்போம் என்றார் ஹென்றிக். நாலுக்குக் கீழே என்றால் யென்ஸ் எறிவார். மேலே என்றால் வாங்கில் இருப்பார். பதினொரு கோடைப் புத்தகங்களும் என் தலையில் விழுந்தன. பதினொரு வருசத்தை ஒரு தசமத்துக்குள் மடித்து வைப்பது எவ்வளவு நாகரிகமான வேலை! ஒவ்வொரு ஆட்டமும் முடிய, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நோயாளிபோல யென்ஸ் வந்து நிற்பார்.

"இன்றைக்கு நான் எத்தனை?"

கிரிக்கெட் மூளை

கூட்டிப் பார்த்தேன்: நாலு தசம் ஆறு. யென்ஸின் முகம் வெளுத்தது. ஹென்றிக் புத்தகத்தைப் பறித்துப் பார்த்தார். கிரிக்கெட்டில் யார் பந்தைக் கோட்டைவிட்டாலும் ஓட்டம் எறிந்தவன் பேரில்தான் விழும். நானும் அப்படியே போட்டிருந்தேன். இங்கே மற்றவர் பிழையால் வந்த ஓட்டம் எறிந்தவரைச் சேராதாம். பிழைவிட்டவரின் பேரைத்தான் எழுத வேண்டுமாம். பழைய புத்தகங்களின் ஓரத்தில் பிழை என்று குறித்திருந்ததை எல்லாம், யாரோ பேனை எழுதுகிறதா என்று கீறிப் பார்த்தது என்று நினைத்திருந்தேன்.

"எல்லாருடைய பாவத்தையும் ஒருவன் தலையில் போட்டிருக்கிறாய். அந்த வேலைக்கு எங்கள் தேவாலயத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்" என்றார் ஹென்றிக்.

வரதண்ணை

பழைய பிழைகளில் பேர் இருந்தது. இந்தக் கோடைப் பிழைகளுக்கு நான்தான் பேர் போட வேண்டும். அதில் பாதி எங்கள் அணியில் மூன்றாவது பேஸில் காவல் நின்ற வரதண்ணை கைவிட்ட பந்துகள். வரதண்ணை என் அறைத்தோழர், சமையலும் அவர்தான்.

"அதெல்லாம் பிழையோ? பந்து பாம்பு மாதிரி நெளிஞ்சு வந்தது, தம்பி" என்றார்.

"நேராத்தான் வந்தது, அண்ணை."

அவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம், எழுது. நாளையிலையிருந்து சோத்தையும் யென்ஸிட்டையே போய்க் கேள்."

கடைசிக் கூட்டல்

எழுதினேன்; மூன்று நாள் பாணும் ஜாமும். புது எண்: மூன்று தசம் ஒன்பது. ஹென்றிக் கைதட்டிவிட்டு, அடுத்த கோடையும் யென்ஸே என்று அறிவித்து வீட்டுக்குப் போனார். வரதண்ணை என்னைப் பார்க்காமலே பஸ்ஸுக்கு நடந்தார்.

யென்ஸ் மட்டும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்தப் பிழையில் என் பேர் இருக்கிறதே?"

"ஓம். உருண்டு வந்த பந்தைப் பொறுக்கி வேலிக்கு மேலால் எறிந்தீர்கள். அந்த ஓட்டங்களும் உங்களைச் சேராது. விதி."

"என் பிழைக்கு எனக்கே மன்னிப்பா? இப்படி எத்தனை?"

"கொஞ்சம் இருக்கு."

"அதையும் என்னில் போட்டால்?"

"நாலு தசம் ஒன்று."

அவர் புத்தகத்தை மெல்ல மூடி, சைக்கிளை நிமிர்த்தினார்.

"நீ மூன்று தசம் ஒன்பதை எழுது. நாலு தசம் ஒன்றை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரும் போய்விட்டார்.

ஒரு மனிதனின் திறமையைத் தசமம் பிசகாமல் சொல்லிவிடலாம், எதையெதை எண்ணாமல் விடுவது என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டால்.