மூத்திரப்பைக்காக நடந்த சண்டைகள்

“என் உடம்புல கத்தி வைக்கிறவன் இன்னும் பொறக்கல” என்று கறிக்கடைக்காரர் சொன்னபோது கத்தி அவர் கையில்தான் இருந்தது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மூத்திரப்பையில் புற்று என்று தெரிந்த பிறகும் அவர் சுதி இறங்கவில்லை. கட்டியைக் குழாய் வழியாகச் சுரண்டி எடுத்துவிட்டு, வலுவிழக்கச் செய்த காசநோய்க் கிருமியை உள்ளே மருந்தாக ஏற்றினார்கள். கிருமியைக் கண்டதும் உடம்பு சண்டைக்கு எழும்பும், அந்தச் சண்டையில் மிச்சப் புற்றும் சாகும் என்று டாக்டரம்மா விளக்கினார். கறிக்கடைக்காரருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனால் உடம்பு தானாக எழும்புமா? கொஞ்சம் உசுப்பேற்ற வேண்டாமா?

ஆகவே மருந்து ஏற்றிய நாளெல்லாம் கடமை தவறாமல் அடிதடியில் இறங்கினார். எலும்பு அதிகம் என்று முனகிய வாடிக்கையாளரின் மூக்கை உடைத்தார். பக்கத்துக் கடையின் முட்டைத் தட்டுகளைக் கட்டையால் நொறுக்கினார். கூட நின்று கறி வெட்டும் மைத்துனன் தடுக்கப் போய், முன்பல் ஒன்றைத் தராசுத் தட்டில் துப்பினான். இதெல்லாம் வைத்தியம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அவனுக்குப் பெருந்தன்மையோடு எடுத்துச் சொன்னார். அவர் மனைவிதான் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறி அலைந்தாள்.

அடுத்த பரிசோதனையில் புற்று மறுபடி முளைத்திருந்தது. மரபணுவில் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, சிலர் உடம்பு இந்த மருந்துக்குச் சரியாக எழும்பாது, இவருடையதும் அந்த ரகமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மூத்திரப்பையை அறுத்து எடுத்தால் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் பரவும்.

கறிக்கடைக்காரர் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடி அலமாரியில் அடித்தார். சில்லு பாய்ந்து முழங்கை கிழிந்தது. காவலாளிகள் இருவர் அவரைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள்.

கூட வந்திருந்த மைத்துனன் அவர் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டே, பல் போன சந்து வழியாகச் சொன்னான். “விடுங்க மாமா. உங்க ரத்தம் வெளியதான் ரவுடி. உள்ள ஒரே தூக்கம்.”

மனைவி சிரிக்கவில்லை. “நீங்க போயிட்டா நான் யாருகூடங்க சண்டை போடுறது?” என்றாள்.

அதற்குப் பிறகு காவலாளிகளுக்கு வேலை இருக்கவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் டாக்டரம்மா பேனாவோடு வந்தார். இனி சிறுநீர் வயிற்றுக்கு வெளியே ஒட்டிய பையில்தான் சேரும். அதற்கு இடம் குறிக்க வேண்டும். கறிக்கடைக்காரர் தானே சட்டையைத் தூக்கினார். பேனா முனை இறங்கிய இடத்தைப் பார்த்தார்.

“அங்க பெல்ட் அழுத்தும்மா” என்றார் மெதுவாக. “கொஞ்சம் கீழ போடுங்க.”

பிறகு கோடு கோணாமல் விழுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டார்.