ஃபிட்டர் ராவாத பல்லு

இருநூத்திப் பதினொண்ணு. இந்த எண்ணை மறக்காதீங்க.

எங்க ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் முப்பது வருஷம் சங்கத்துல உறுப்பினர். ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல. நான் கூப்பிட்டா, "நீ பேசுப்பா, நான் ராவறேன்"ம்பார். அரத்தைப் பிடிச்சு ராவினா மனுஷன் ராஜா. அவர் கையை விட்டுப் போற இரும்புல பிசிறு இருக்காது. ஆனா அவர் சரிபண்ணின எந்த மெஷின்லயும் அவர் பேர் இல்ல. முதலாளி பேர்தான் பித்தளையில பளபளக்கும். அது அவருக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்திருக்கு.

ரிட்டையர் ஆனப்புறம் தினம் காலையில கடற்கரையில பொறுக்க ஆரம்பிச்சார். முக்கோணமா, கறுப்பா, கல்லு மாதிரி. லைப்ரரி புத்தகத்தைப் புரட்டி அவரே கண்டுபிடிச்சார்: லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி செத்த சுறாவோட பல்லு, கல்லாவே மாறிப்போனது. எட்டு வருஷம் சேர்த்தார். ஒரே ஆசை. மியூசியம் அதுல ஒண்ணையாவது கண்ணாடிப் பெட்டியில வெக்கணும், கீழே அவர் பேர் இருக்கணும்.

பெட்டியைத் தூக்கிட்டு நானும் கூடப் போனேன். மியூசியத்தம்மா லென்ஸை வெச்சு ஒண்ணு பார்த்தாங்க, பத்து பார்த்தாங்க, மொத்தத்தையும் மேஜையில கொட்டினாங்க.

"இதையெல்லாம் யாரு இப்படிப் பண்ணது?"

ஃபிட்டர் நெஞ்சை நிமித்தினார். "நான்தாம்மா. ஓரமெல்லாம் ஒரே பிசிறு. சுத்தமா ராவிட்டேன். தடவிப் பாருங்க, வழுவழுன்னு இருக்கும்."

"ஐயா, அது பிசிறு இல்ல, ரம்பம். அதை வெச்சுத்தான் எந்தச் சுறான்னு நிச்சயமா சொல்ல முடியும்."

கடல் அத்தனை காலம் உரசியும் தேயாத ரம்பம். நம்மாளு ஒரே அரத்துல முடிச்சிட்டார்.

"ஒண்ணுகூடத் தேறாதாம்மா?"

"ராவாதது இருந்தா கொண்டுவாங்க."

வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அவர் சம்சாரம் அடுப்படியில பால் பாக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டு இருக்காங்க. கையில ஒரு பல்லு. ஓரம் பூரா ரம்பம்.

"ஏய், அதை இப்படிக் குடு!"

"எதுக்கு? இதையும் மொட்டையடிக்கவா? அன்னிக்கே உங்க கையிலிருந்து பிடுங்கி வெச்சது இது."

"மியூசியத்துக்குடி."

"அப்போ பாக்கெட்டை நான் எதால கிழிக்கறது? எட்டு வருஷமா ஒரு கத்தரிக்கோல் கேக்கறேன், காதுல விழுந்துச்சா?"

செருப்புகூடப் போடாம கடைக்கு ஓடினார். கத்தரிக்கோல் கைக்கு வந்தப்புறம்தான் அந்தம்மா பல்லைக் கொடுத்தாங்க, அதுவும் கழுவித் துடைச்சு.

அந்த மாதிரிப் பல்லு இந்தக் கரையில இதுவரைக்கும் கிடைச்சதே இல்லையாம். மியூசியத்துல கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க. கீழே அட்டை: கண்டெடுத்தவர்னு போட்டு ஃபிட்டர் பேர். விரலை வெச்சு ரெண்டு தடவை படிச்சார்.

"அரம் படாததுக்குத்தான் பேரு"ன்னாங்க சம்சாரம்.

தப்பில்ல. முப்பது வருஷம் வேலை செஞ்சதுக்குப் போடாத பேரை, செய்யாம விட்ட வேலைக்குப் போட்டாங்க.

ராவின பல்லு எத்தனைன்னு முதல் வரியிலயே சொல்லிட்டேன். பெட்டியில இருக்கறது: ஒண்ணு.