முன்னால் வந்த துளி

அலுவலகத்தில் அவளுக்கு 'நோண்டி' என்று பேர். எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று நோண்டுவாள். மின்விசிறியை நிறுத்தினால் நாற்பத்தோரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும் என்று ஒருநாள் அறிவித்தாள். யார் போய்ச் சரிபார்ப்பது?

கைபேசியில் புழங்கவிருந்த ஒரு டிஜிட்டல் நாணயத்துக்குத் திரை வடிவமைப்பது அவள் வேலை. ஒரு நாணயத்தின் மதிப்பு எக்கச்சக்கம். அதனால், சாவி ஒன்று வெட்டக் கூலி 0.000032 நாணயம் என்று காட்டியது திரை. சாவிக்கடை அவளுடைய அக்கா புருஷனுடையது. மைத்துனி பேச்சை நம்பி, இந்த நாணயத்தில் கூலி வாங்கத் தெருவிலேயே முதல் ஆளாகச் சம்மதித்திருந்தார்.

"ஏம்மா, இத்தனை முட்டையை வச்சுக்கிட்டு நான் சாவி வெட்டவா, அடைகாக்கவா?" என்றார் மாமா. "ஒரே ஒரு ஆள் சண்டைக்கு வரட்டும், அன்னிக்கே விலைப்பலகையைக் கழட்டிடுவேன். அப்புறம் எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதே."

நாணயத்தைப் பத்து லட்சமாகப் பிரித்து, ஒரு பங்குக்குத் 'துளி' என்று பேர் வைத்தாள் நோண்டி. சாவிக் கூலி 32 துளி ஆயிற்று. மேலாளர் மசியவில்லை.

"பழசே போதும்மா. படிச்சவங்களுக்குப் புரியும்."

"சரி சார், நான் சொல்றதை எல்லாரும் எழுதுங்க" என்று பழைய தொகையை ஒரே மூச்சில் வாசித்தாள். ஏழு பொறியாளர்கள், ஐந்து விதமான விடைகள். மேலாளர் தாளில் ஒரு முட்டை குறைவு.

"சார், சாவி விலையைப் பத்து மடங்கு ஏத்திட்டீங்களே!"

துளி ஜெயித்தது. குறியீடாக எண்ணுக்குப் பின்னால் ஒரு நீர்த்துளி வரைந்தாள். திரையில் பார்க்க அத்தனை அழகு.

துளி கடைக்கு வந்த மூன்றாம் நாள் மாமாவிடமிருந்து போன். "உடனே கிளம்பி வா!"

வாசலில் கரும்பலகை. சாக்பீஸால் 32 எழுதிப் பக்கத்தில் துளியையும் போட்டிருந்தார் மாமா. அவர் கைக்கு அது அசல் முட்டையாகவே வந்திருந்தது.

"ஒரு சாவிக்கு முன்னூத்தி இருபதா? அதுக்குக் கதவையே புதுசா மாத்திடுவேனே!" என்று ஒரு அம்மாள் கத்தி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மாமா பலகையைக் கழற்றப் போனார்.

"இருங்க மாமா." துளியை அழித்து எண்ணுக்கு முன்னால் வரைந்தாள். "இப்ப வாசிங்கம்மா."

"பூஜ்யம்... முப்பத்திரண்டு. முப்பத்திரண்டுதானே?"

"அதேதான். முட்டைன்னே நெனச்சாலும் நஷ்டமில்லை மாமா. முன்னால நின்னா அதுக்கு மதிப்பே கிடையாது."

"எங்க வீட்டுல நான் நிக்கிற மாதிரின்னு சொல்லு" என்றார் மாமா. அந்த அம்மாளின் சாவியை வாங்கி, இயந்திரத்தை ஓடவிட்டார்.