நரிவளைவில் மூன்றாவது வரிசை

செராஃபினை எங்கள் ஊரில் சிலந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பனிச்சறுக்குப் பந்தயத்தில் தடுமாறி விழுகிறவர்களைத் தாங்கப் பாதையோரம் வலை கட்டுகிற பதினான்கு பேருக்கு அவர்தான் தலைவர். நான் அவரிடம் துளை போடுகிறவனாக இருந்தேன். இறுகிய பனியில் டிரில்லால் துளை போட்டு, கம்பை நட்டு, வலையை இழுத்து மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு அவர் ஒவ்வொரு கம்பிலும் தோளைச் சாய்த்துப் பார்ப்பார். அசைந்தால் என்னைப் பார்ப்பார். திட்ட மாட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

பெண்களின் பெரும்பந்தயத்தை எங்கள் மலைக்குக் கொண்டுவர ஊரே ஏழு வருஷம் பாடுபட்டது. சரிவின் உயரம் போதுமானதாக இருந்தது. மற்றதெல்லாம் நாங்கள் செய்துகொண்டது. செயற்கைப் பனிக்காக மேலே ஒரு குளம் வெட்டினோம், பாதையை அகலப்படுத்தினோம், ஹெலிகாப்டர் இறங்க மேட்டைச் சமன் செய்தோம். போட்டிச் சங்கத்தின் பரிசோதகர் மூன்று முறை வந்து அளந்துவிட்டுத்தான் சரி என்றார்.

முதல் பந்தயம் ஒரு ஜனவரி சனிக்கிழமை. முந்தின நாள் பனிக்குள் தண்ணீர் செலுத்தியிருந்தார்கள். விடிந்தபோது பாதை கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது. பாதையின் கூர்மையான திருப்பமான நரிவளைவில் இரண்டு வரிசை வலை போதும் என்று வரைபடம் சொன்னது. இரண்டையும் கட்டி முடித்தோம். செராஃபின் வளைவின் விளிம்பில் நின்று, கீழே இருந்த ஊசியிலை மரக் காட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆறு சுருள் வலை மிச்சமிருந்தது. அதைக் கேமராக்கள் நிற்கும் முடிவிடத்துக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். பந்தயத் தலைவர் ரேடியோவில், "நரிவளைவு தயாரா?" என்று கேட்டார். செராஃபின் தயார் என்றார்.

போட்டியாளர்களுக்கு முன்னால் உள்ளூர்ப் பிள்ளைகள் சிலர் பாதையைச் சோதித்துக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. அன்று இரண்டாவதாக இறங்கியவள் புர்கி. செராஃபினின் பக்கத்துப் பண்ணைக்காரர் ரோமெடின் மகள். பத்தொன்பது வயது. நரிவளைவில் அவள் கால் வழுக்கியது. வந்த வேகத்தில் முதல் வரிசை அறுந்தது, இரண்டாவது சாய்ந்தது. அவள் மரங்களுக்குள் போய்விட்டாள். ஹெலிகாப்டர் ஆறு நிமிஷத்தில் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்முன் உயிர் போய்விட்டது.

விசாரணை நடந்தது. வலை விதிப்படிதான் இருந்தது, யார் மேலும் தப்பில்லை என்று எழுதினார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ரோமெட் வந்தார். கொட்டகையில் நானும் செராஃபினும் வலைகளை உலர்த்திக்கொண்டிருந்தோம். ரோமெட் வாசலிலேயே நின்றார்.

"விதிப்படி இருந்துச்சான்னு நான் கேக்க வரல. அத அவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. அன்னிக்குக் காலையில உனக்கு என்ன தோணுச்சு?"

செராஃபின் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "மூணாவது வரிசை வேணும்னு தோணுச்சு."

"சொன்னியா?"

"சொல்லல."

ரோமெட் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப்பின் ஒன்பது வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. வேலி ஒன்றுதான், கோயில் ஒன்றுதான்.

செராஃபினின் மனைவி ஃபிலொமேனா இதைக் கேள்விப்பட்டு, அந்த உண்மையை நீங்களே வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்டாளாம். ரோமெடின் மனைவியும் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அந்த ஆளு பொய் சொல்லிருந்தா நாங்க ரெண்டு பேரும் தூங்கியாவது இருப்போம்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டே சொன்னாள்.

செராஃபின் வலை வேலையை விட்டுவிட்டு, ஆட்களை மலைமேல் ஏற்றும் தூக்கி நாற்காலிகளுக்கு எண்ணெய் போடும் வேலைக்குப் போனார். பந்தயமும் அதன்பின் எங்கள் மலைக்கு வரவில்லை.

ஒன்பதாம் வருஷம் பரிசோதகர் மறுபடி வந்தார். நரிவளைவுக்குக் கீழே பன்னிரண்டு மீட்டருக்குக் காட்டை வெட்டினால்தான் மலையில் பந்தயத்துக்கு அனுமதி என்றார். அது ரோமெடின் காடு. ஊர்ப் பெரியவர்கள் போனார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் செராஃபின் தனியாகப் போனார். நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். காட்டை வெட்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போடாதே என்று கெஞ்சத்தான் போயிருக்கிறார். பந்தயம் வந்தால் மறுபடி யாராவது அந்த வளைவில் இறங்குவார்கள். அதை அவரால் தாங்க முடியாது.

"காலையிலேயே போட்டு அனுப்பிட்டேன்," என்றாராம் ரோமெட். "அந்த மரத்த ஒன்பது வருஷமா சமையக்கட்டு ஜன்னல் வழியா பாத்துட்டிருக்கேன். போதும்." அப்புறம், "வல யாரு கட்டுவா?" என்று கேட்டார்.

"வேற யாராவது."

"நீ கட்டு."

"என்னால முடியாது, ரோமெட்."

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. இனிமே தோணுச்சுன்னா நீ வாய மூடிட்டு இருக்க மாட்ட. அதுக்குத்தான் சொல்றேன்."

செராஃபின் கட்டினார். நானும் மறுபடி துளை போட்டேன். முதல் வருஷம் இரண்டு முறை பயிற்சி ஓட்டத்தை நிறுத்தி, வரைபடத்தில் இல்லாத இடத்திலெல்லாம் வலை கேட்டார். அடுத்த வருஷம் நான்கு முறை. டெலிவிஷன்காரர்கள் கத்தினார்கள், பந்தயத் தலைவர் கைபிசைந்தார். செராஃபின் இறங்கிவரவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் மூன்றாம் வருஷம் வலைப் பொறுப்பை வெளியூர் ஆட்களிடம் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷச் சேவைக்கு நன்றி என்று கடிதம் வந்தது. அதை என்னிடம் காட்டினார். "நல்லாத்தான் எழுதிருக்காங்க," என்றார்.

அந்த வருஷப் பந்தயத்தன்று மலைக்கு வராமல் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கூட்டத்தின் சத்தம் ஒவ்வொரு முறை எழும்போதும் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, இறங்கியவள் முடிவிடம் சேர்ந்த கைதட்டல் கேட்கும்வரை காத்திருந்தார் என்று ஃபிலொமேனா சொன்னாள். மார்ச்சில், பக்கவாதத்தில், இறந்துபோனார்.

அடக்கத்துக்கு ரோமெட் வந்திருந்தார். முறை வந்ததும் பெட்டியின்மேல் புனித நீரைத் தெளித்தார். அப்புறம் ஃபிலொமேனாவுக்குக் கை கொடுத்தார். அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அவரும் இழுக்கவில்லை. சாப்பாட்டுக்கு இருங்கள் என்று நான் போய்க் கூப்பிட்டேன். மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். மணி அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை.