திராட்சை ஊரில் பஸ் எங்களை விட்டுப்போன மாலை

மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலில் துடியலூர் வரும்முன் கார் நின்றுவிட்டால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அல்சாஸ் வந்துவிடும். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பழைய ஊர்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சுவர்கள், அவற்றில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம், ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. ஐந்து வருடம் ஆகிறது. அந்த டூரில் பார்த்த கோபுரமும் அரண்மனையும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிட்டன. இந்த ஊர்கள் மட்டும் சந்து சந்தாக ஞாபகம் இருக்கின்றன.

என் கணவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையை விட்டு மூன்று நாள் வெளியே இருந்தாலே அவருக்குக் காய்ச்சல் வரும். கூடவே சமையல்காரர் வருவார், மத்தியானம் ரசம் சாதம் உண்டு, ஆடி பிறக்கும் முன் திரும்பிவிடலாம் என்று டூர்க்காரர் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். “யாரெல்லாம் வர்றாங்க?” என்று கேட்டதற்கு, “எல்லாம் நம்ம சனந்தானுங்க” என்று பதில் வந்தது. இவருக்கு ஒரே சந்தோஷம்.

ஏர்போர்ட்டில் பார்த்தால், அந்த நம்ம சனத்தில் இவருடைய சொந்த அண்ணனும் அண்ணியும் நிற்கிறார்கள்.

அண்ணன் தம்பி பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பொதுக்கிணற்றில் யார் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுவது என்பதில் வந்த சண்டை. கிணறு வற்றிப்போனது, சண்டை வற்றவில்லை. எங்கள் பக்கத்தில் பங்காளிகள் பேச்சை நிறுத்திவிட்டால் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்க மாட்டார்கள். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடையாது. அதற்காக மரியாதை குறையாது. திட்டவே வேண்டியிருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள்.

எனக்குக் கிணறு பற்றிக் கவலை இல்லை. அந்தச் சண்டையில் எனக்கு இல்லாமல் போனது என் ஓரகத்தி, அந்த அண்ணிதான். நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு அந்த வீட்டில் மூச்சு விட இடம் கொடுத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவள் என்னைக் கண்ணு என்பாள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை தினமும் தலை பின்னிவிட்டது நான். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. பங்காளி வீட்டுக்கு நேரில் வந்து, தாம்பாளம் நீட்டி, குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் வராதே என்று அர்த்தம். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் போகவில்லை. அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டு இருந்தேன்.

இப்படிப்பட்ட எங்களை டூர் மேனேஜர் பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார வைத்தார். “ஒரே ஊரு, ஒரே இனிஷியல், பக்கத்துலயே போட்டுட்டேனுங்க” என்று அதில் பெருமை வேறு. அவர் ஒரு விதி வைத்திருந்தார். முன்சீட்டுக்காரர் பின்சீட்டு ஆட்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும், பின்சீட்டுக்காரர் முன்சீட்டைப் பார்க்க வேண்டும். யாராவது குறைந்தால் குரல் கொடுக்க வேண்டும்.

கோல்மார் என்ற ஊரில் வீடுகளை ஒட்டி வாய்க்கால் ஓடியது, அதில் படகு போனது. வழியெல்லாம் கூரை உச்சியில் செங்கால் நாரைகள் கட்டிலளவுக்குக் கூடு கட்டியிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். இவர் திராட்சைக் கொடிக்குக் கட்டியிருந்த கம்பியை இழுத்துப் பார்த்து, “நல்ல டென்ஷன் அம்மணி” என்றார். அக்காவுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் ஒரே வீட்டின் பூத்தொட்டி பிடித்துப்போகும். அவள் படம் எடுக்கும் வரை நான் தள்ளி நிற்பேன். அவள் எடுத்துவிட்டு, “நீங்க எடுத்துக்குங்க” என்று விலகுவாள். அந்த ‘நீங்க’ என்னைக் குத்தும்.

சாப்பாட்டில் மட்டும் சிக்கல் இல்லை. சமையல்காரர் பொது ஆள், அவர் சட்டி யார் வீட்டுச் சட்டியும் ஆகாது என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது.

நான்காம் நாள் மாலை, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு சின்ன ஊர். கடைசி வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு திராட்சைத் தோட்டம் மேட்டில் ஏறியது. கொடிகளில் மிளகு அளவுக்குப் பச்சைக் காய்கள். ஒயின் செய்பவரின் நிலவறைக்குள் கூட்டிப்போய் ருசி பார்க்கச் சொன்னார்கள். கோயமுத்தூரில் பீர் பாட்டிலைக் கண்டால் முகம் சுளிக்கும் அண்ணன் தம்பி இருவரும், கொடுப்பவர் மனசு நோகக் கூடாது என்று ஆளுக்கு ஐந்து கிளாஸ் மரியாதை செய்தார்கள்.

நான் சந்துகளில் சுற்றிவிட்டு வந்தபோது சதுக்கத்தில் பஸ் இல்லை. எதிர்ச்சந்திலிருந்து அக்கா மூச்சு வாங்க வந்தாள். இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் போன் பஸ்ஸில் சார்ஜில் இருந்தது. அவள் போன் ஓட்டல் வைஃபை இல்லாமல் வேலை செய்யாது.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. தன் மனைவி பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருப்பாள் என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள். நான் இல்லாததை மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், பார்த்தார். அக்கா இல்லாததை என் கணவர் பார்த்தார். வாயைத் திறந்தால் பேசியது போல ஆகிவிடுமே என்று இருவரும் சும்மா இருந்து, அப்படியே ஒயின் மயக்கத்தில் தூங்கியும் போனார்கள்.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு பெஞ்சு. இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொருத்தி உட்கார்ந்தோம். ஏழு மணிக்கும் வெயில் பளீரென்று அடித்தது. அக்காவுக்குச் சர்க்கரை உண்டு, அவள் சாப்பிடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினேன். “வேண்டாங்க” என்றாள். சர்க்கரை இறங்கினால் வரும் வியர்வை அவள் நெற்றியில் அரும்பியது. கோபமும் பயமுமாக வந்தது.

எதிர்வீட்டு அம்மாள் எங்கள் சேலைகளை ஜன்னல் வழியாக எவ்வளவு நேரம் பார்த்தாளோ, ஒரு தட்டோடு இறங்கி வந்தாள். வெங்காயம் போட்டுச் சுட்ட, அடை மாதிரி ஒன்று. ஒரு கைப்பிடி செர்ரிப் பழம். பெஞ்சின் நடுவில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏனுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுலயா கொண்டாந்தீங்க?” என்று அக்கா அவளிடம் தமிழிலேயே கேட்டாள். அந்த அம்மாள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அக்காவும் சிரித்துவிட்டாள். ஒரே தட்டில் இருவரும் கை வைத்தோம்.

சாப்பிட்டதும் போனைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். மகளின் கல்யாணப் படம். மணக்கோலத்தில் அந்தப் பெண்ணை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். நான் எப்போதும் எடுக்கும் கோணல் வகிட்டை யாரோ நேராக எடுத்திருந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

“தபால்ல அனுப்பிச்சீங்களே அக்கா, நான் எப்படி வருவேன்?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தபாலு எங்கூட்டுக்காரரு அனுப்பிச்சது. அதுக்கு முன்னாலயே நான் வந்தேனே! அவிங்களுக்குச் சொல்லாம, தாம்பாளத்தத் துணியில சுத்திக்கிட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். உன்ற ஊட்டுக்காரர் கேட்டுலயே நின்னுக்கிட்டு, நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கறதாச் சொன்னாரு. உள்ள மிக்ஸி ஓடுச்சு கண்ணு. நீதான் அப்படிச் சொல்லச் சொன்னியாக்கும்னு திரும்பிட்டேன்.”

இத்தனை வருடமும் அவள் காதில் அந்த மிக்ஸி ஓடியிருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு எதுவும் தெரியாது என்பதை அவள் அதிலேயே புரிந்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்த சமயம் ஒரு டாக்ஸி வந்தது. அண்ணன் தம்பி இருவரும் அதில் இருந்தார்கள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். ஆள் குறைகிறது என்று தெரிந்த பதற்றத்திலும் டூர் மேனேஜர் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்களாம். பின்சீட்டில் அக்காவுக்கும் என் கணவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். ஓட்டல் போகும் வரை காத்திருக்க என்னால் ஆகவில்லை.

“ஏனுங்க, அக்கா பத்திரிக்கை கொண்டுக்கிட்டு நம்மூட்டுக்கு வந்தாங்களா?”

இவர் ஜன்னலுக்கு வெளியே திராட்சைக் கொடிகளைப் பார்த்தார். “வந்தாங்க.”

முன்சீட்டில் மூத்தாரின் தலை திரும்பியது. “நீ போனியா?” என்று அக்காவைக் கேட்டார்.

“போனேனுங்க” என்றாள் அக்கா, நிமிர்ந்து உட்கார்ந்து.

“எங்கிட்ட ஏனுங்க மறைச்சீங்க?” என்று நான் விடவில்லை. டிரைவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது, என் குரல் மட்டும் புரிந்திருக்கும். கார் கொஞ்சம் மெதுவாகியது.

“சொன்னா நீ போயிருப்ப” என்றார் இவர். ஜன்னலை விட்டுத் திரும்பி, “நீ போனா நானும் வந்திருப்பேன்” என்றார்.

மூத்தார் மறுபடி ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இரண்டு வளைவு தாண்டின. பிறகு பின்னால் திரும்பாமலே, நடுவில் ஆள் வைக்காமல், தம்பியிடம் சொன்னார்.

“வந்திருக்கலாமில்லடா. பந்தல் வாசல்ல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தேன்.”