வீட்டுக்குப் போய்க் கேட்ட பெயர்கள்

போடிநாயக்கனூரில் நிருபராக இருந்த பதினெட்டு வருடமும் சீனிச்சாமிக்கு ஒரு பிடிவாதம். ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு மலையில் கவிழ்ந்தால், கையில் கிடைக்கும் பட்டியலை நம்பமாட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இறந்தவரின் பெயரைக் கேட்டுத்தான் எழுதுவார். செய்தி தாமதமென்று அலுவலகத்தில் திட்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

காரணம் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சலென்றால், ஜீப்பில் அவள் இடம் பறிபோகாமலிருக்கப் பக்கத்து வீட்டுக்காரி அவள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போவாள். கங்காணிக்குத் தலை எண்ணிக்கை சரியாயிருந்தால் போதும். இதை அவருக்குச் சொன்னவள் ஜக்கம்மாள். இருபது வருடமாக அந்த ஜீப்பில் நெருக்கியடித்துப் போய்வந்தவள்.

அந்தச் செய்திகள்தான் சீனிச்சாமியைத் தேர்தலில் நிற்கவைத்தன. ஜெயித்தார், அமைச்சருமானார். அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அலைந்து, அவருக்குப் பிறகு நிருபரான எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜக்கம்மாள் ஜீப்பிலிருந்தே என்னைக் கூப்பிட்டு, "இனிமே நம்ம பேரெல்லாம் கோட்டை வரைக்கும் போகும் அப்பு" என்றாள்.

போன ஆடியில் அந்த ஜீப்பு போடிமெட்டு வளைவில் உருண்டது. நான்கு பெண்கள் செத்தார்கள். சென்னையிலிருந்த அமைச்சர், தனக்கு வந்த பட்டியலைப் பார்த்து இரங்கல் அறிக்கை விட்டார். நானும் அதை அப்படியே செய்தியாக்கினேன். செத்தவர்களின் தெரு கூப்பிடு தூரம்தான். சோம்பல், வேறென்ன.

மறுநாள் ஜக்கம்மாளின் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் காய்ச்சலோடு படுத்தபடி, பேப்பரில் வந்த தன் சாவுச் செய்தியைப் பிறர் படிக்கக் கேட்டாள். செத்தது, அன்று தனக்கு வேலையில்லாததால் அவள் பெயரில் போன ஜக்கம்மாள். தெருவுக்கே அது அன்றைக்கே தெரியும். கேட்கத்தான் யாரும் போகவில்லை.

மூன்றாம் நாள் அமைச்சர் மாலையோடு வந்தார். உதவியாளர் வைத்திருந்த பட்டியலில் பெயர் திருத்தப்பட்டிருந்தது. ஜக்கம்மாளின் மகள் முத்துப்பிரியா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க பேப்பர்லயே இருந்திருந்தா மொத ஆளா வந்து கேட்டிருப்பீங்கண்ணே" என்றாள். குரலில் கோபமில்லை. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

சீனிச்சாமி மாலையைக் கீழே வைத்தார். என் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். பழைய நாளில் கேட்பதுபோலவே கேட்டார்.

"ஆத்தா பேரு என்னம்மா?"

அவருக்குத் தெரியாத பெயரா. முத்துப்பிரியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.